மூன்றாவது ஓலை

எங்கள் பங்குச் சாமியாருக்குக் கோபம் வந்தால் மைக் தேவையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மொத்த உலகத்தின் மீதும் கோபம். செல்போன், சீரியல், லஞ்சம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக் காய்ச்சியவர் கடைசியில் எங்களிடம் வந்தார். இந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பக்தி இருக்கிறது, துணிச்சல்தான் இல்லை என்றார். அநியாயத்தைக் கண்டு எழுந்து நிற்க இந்தக் கோயிலில் ஒருவராவது உண்டா என்று கேட்டார். நைட் ஷிப்ட் முடித்து நேரே பூசைக்கு வந்திருந்த அப்பா ஆண்கள் பக்கத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிரசங்கத்தை விட எனக்கு முக்கியம், பூசை முடிவில் வாசிக்கப் போகும் ஓலை. கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். யாரும் தடை சொன்னதாக எனக்குத் தெரிந்து இல்லை. அன்று என் சித்திக்கு மூன்றாவது ஓலை. மாப்பிள்ளை மைன்ஸில் பெர்மனென்ட். நெய்வேலியில் இந்த ஒரு சொல்லைக் கேட்டபின் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. கல்யாணத்தில் பூத்தட்டு பிடிக்கப் போவது நான் என்பதால் எனக்கும் கேட்க ஒன்றுமில்லை.

சித்தி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நிச்சயத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதையே விட்டிருந்தாள். கல்யாணப் பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

சாமியார் பெயர்களை வாசித்து முடித்தார். ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தும்போது என் பக்கத்தில் பாய் சரசரத்தது. சித்தி எழுந்து நின்றாள்.

"தடை இருக்குங்க பாதர். நான்தான் சொல்றேன்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. அம்மா எட்டி அவள் முந்தானையைப் பிடித்தாள். ஆனால் இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சாமியாரின் குரல் இப்போது மைக்கிலேயே சரியாகக் கேட்கவில்லை. "இத முன்னாடியே தனியா வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"ரெண்டு தடவ வந்தேனே பாதர். பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாக்க இவரு என்னை அடிச்சாருன்னு சொன்னேன். ஜெபம் பண்ணு, சரியாயிடும்னீங்க. பண்ணிப் பாத்துட்டேன். இவர நான் கட்டிக்க மாட்டேங்க."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. ஆண்கள் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். சாமியார் ஓலை எழுதிய நோட்டை மூடினார். பிறகு, "பொண்ணு சம்மதமில்லாத தாலிய நான் மந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆசீர்வாதம் கொடுத்தார். அன்று அவர் சொன்னதில் அதுதான் நல்ல பிரசங்கம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் தாத்தா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தூக்கம் முழுதாகக் கலைந்திருந்த அப்பாதான் வீடு அதிரக் கத்தினார்.

"பத்திரிகை அடிச்சி வச்சிக்கினு, ஊரு முன்னாடி வூட்டு மானத்த வாங்கிட்டியே!"

"பாதருதான் எந்திரிச்சி நிக்கச் சொன்னாரு, மாமா. நின்னேன்" என்றாள் சித்தி. பிறகு திங்கட்கிழமைக்குத் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பூத்தட்டு போன துக்கத்தில் நான் சமையலறைக்குப் போனேன். அம்மா கறி வதக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஓலை படிச்சப்போ யாரும் எந்திரிக்கலையாம்மா?"

கரண்டி நின்றது. "இல்ல" என்றாள். பிறகு அப்பாவின் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நானும் அன்னிக்குக் கோயில்லதான் உக்காந்திருந்தேன்" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணப் பெண் கோயிலில் இல்லாமல் வேறெங்கே இருப்பாளாம்? நான் கேட்டது மற்றவர்களைப் பற்றி. ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவள் என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு விளையாடப் போனேன்.