சாணை வேண்டாத கத்தி

கத்தி விற்பவனுக்கு மற்ற வியாபாரிகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு: சரக்கு நல்லது என்று காட்டக் காட்ட, எதிரில் நிற்பவர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டே இருப்பார். சோப்பு விற்றவர்களே, பிரஷர் குக்கர் விற்றவர்களே, ஊதுவத்திக் கட்டோடு படியேறி நாய் துரத்தி இறங்கியவர்களே, என் கஷ்டத்தில் பாதி உங்களுக்குச் சொல்லாமலே புரியும். மீதியைச் சொல்கிறேன்.

பம்பாயில் இருபத்திரண்டு வருஷம் ஒரு மில் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் மனைவி சரசாவோடு சொந்த ஊரான திருவண்ணாமலைக்குத் திரும்பியிருந்தேன். எழுபதுகளின் கடைசி. தமிழ், இங்கிலீஷ் இரண்டும் படித்தவன் என்பதற்காக ஒரு கத்திக் கம்பெனி தன் ஷோரூமை என்னிடம் ஒப்படைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடி பம்பாய் ரயில், மறுபடி அந்த ஒற்றை அறை, காலையில் வாளியோடு வரிசை. சரசா முதல் நாளே சொல்லிவிட்டாள், "போறதுன்னா நீங்க போங்க. நான் இங்கியே மலையைப் பாத்துக்கினு இருக்கறேன்."

ஷோரூம் என்றால் தேரடித் தெருவில் எட்டடி அகலத்தில் ஒரு கடை. அதன் நெற்றியில் கம்பெனி மாட்டிய போர்டு பத்தடி. "வாழ்நாள் முழுவதும் சாணை வேண்டாம்!" என்று சிவப்பில் எழுதியிருந்தது. மெட்ராஸ் மேனேஜர் சொந்தமாக யோசித்து எழுதிய வாசகம். கடை போதாமல் ஆச்சரியக்குறி மட்டும் பக்கத்துப் பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கால் கட்டைவிரல்

முதல் வாடிக்கையாளர், பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்தும் அலமேலம்மா. "சோதிச்சுத்தான் வாங்குவேன்" என்று பையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்தார். நான் மரப்பலகையை நீட்டுவதற்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்தியைத் தலைகீழாகத் திருப்பி, பிடியைக் கால் கட்டைவிரலுக்கு அடியில் அழுத்தி, நிமிர்ந்து நின்ற அலகில் காயைத் தள்ளத் தொடங்கிவிட்டார். அருவாமணையில் நறுக்கியே பழகிய கை.

"அம்மா, அம்மா! கத்தியைக் கையில பிடிங்க. காயைப் பலகையில வைங்க. காய் அப்படியே இருக்கும், கத்திதான் நகரணும்" என்று பம்பாய்ச் சமையலறையில் பார்த்ததை எல்லாம் நடித்துக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இரண்டு கத்தி வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம். போகும்போது சொன்னது இது:

"வாங்கியாந்த காய் சும்மா குந்தினு இருக்கும், கத்தி அலையணுமா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

பூசணிக்காய்

மேனேஜரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தெருவில் போகிறவர்கள் கண்ணெதிரே, மார்க்கெட்டில் கிடைக்கும் ஆகப் பெரிய காயை ஒரே வெட்டில் வெட்டிக் காட்ட வேண்டுமாம். மார்க்கெட்டில் அன்றைக்கு ஆகப் பெரிய காய் கல்யாணப் பூசணி. நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு உறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷப் பம்பாய் வாசம் மூளையை அப்படி மழுக்கி வைத்திருந்தது.

கடை வாசலில் ஸ்டூல் போட்டு, காயை வைத்து, கூட்டம் சேரும்வரை காத்திருந்து, ஓங்கி ஒரு வெட்டு. குறை சொல்ல முடியாது, கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் தெருவில் உருண்டன. கைத்தட்டலுக்காக நிமிர்ந்தால் தெருவில் ஒருவர் இல்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்கள். ஒரு ஜட்கா, குதிரையோடு ஒதுங்கிப் போயிற்று. அன்று முழுக்க என் வாசலை மிதிக்க ஆள் இல்லை. பாத்திரக் கடைக்காரர் மட்டும் அக்கறையாகக் குங்குமப் பொட்டலத்தோடு வந்து, வெட்டின இடத்தில் தடவிவிட்டுக் கேட்டார்:

"ஒரு ஈ காக்கா வர்றதில்ல கடைக்கு. இதுக்குப் போய் திருஷ்டி எவன் சார் வெச்சான்?"

கை மாறாத சரக்கு

கத்தியைப் பிடிப்பக்கம் நீட்டிக் கொடுப்பது மரியாதை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாங்கு குமாஸ்தா ஒருவரிடம் அப்படி நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவர் இன்னும் கொஞ்சம் பின்னால் போனார். கடைசியில் மேஜைமேல் வைத்தேன். எடுத்தார், பார்த்தார், மேஜைமேல் வைத்தார். நான் எடுத்து வேறொன்று வைத்தேன். தெருவிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் சதுரங்கம் ஆடுவதாக நினைத்திருப்பார்கள். "கையிலயே வாங்கிக்கலாமே சார்?" என்றேன். அவர் மிகுந்த கனிவோடு பதில் சொன்னார்:

"உங்ககிட்ட எனக்கு ஒரு சண்டையும் இல்ல சார். எதுக்குப் புதுசா ஆரம்பிக்கணும்?"

யாருடைய வாழ்நாள்?

ஐந்தாவது வாரம் அலமேலம்மா திரும்பி வந்தார். ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய கத்தி, மறு கையில் தக்காளி. தக்காளியை என் மேஜைமேல் வைத்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கத்தியைக் கையில் பிடித்து அழுத்தினார். தக்காளி வெட்டுப்படவில்லை, நசுங்கி, வெடித்து, என் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது.

அவர் மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க இதே கதைதான். பாங்கு குமாஸ்தாகூட வந்து கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இப்படியே போனால் ஆறு மாதம் எதற்கு, அடுத்த வாரமே ரயில் ஏறலாம் என்று எனக்குக் காய்ச்சல் கண்டது. ஆனாலும் கம்பெனி விசுவாசம் விடுமா? "அம்மா, போர்டைப் பாருங்க, சாணையே வேண்டாம்னு எழுதியிருக்கு" என்று மேலே காட்டினேன். அலமேலம்மா நிதானமாக அண்ணாந்து, எழுத்துக்கூட்டி, ஆச்சரியக்குறிவரை படித்துவிட்டுத் திரும்பினார்:

"வாழ்நாள் முழுவதும்னு போட்டுக்கிறீங்களே, யாரு வாழ்நாளு? கத்தியோடதுன்னா அது போன செவ்வாக்கிழமையே போயிடுச்சு."

பெட்டியின் அடிப்பக்கம்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் என்னிடம் கத்தி வாங்கியிருந்தார். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தவர். ஒரு நாள் வந்து கைகூப்பி, "ஐயா, வணக்கம். இவ்வூரில் சாணை பிடிப்பவர் எங்கே இருக்கிறார்?" என்றார். அவ்வளவு சுத்தமான தமிழைக் கேட்டு நானும் எழுந்து நின்றுவிட்டேன். "இந்தக் கத்திக்குச் சாணை வேண்டாம் அம்மா" என்று வழக்கம்போல மேலே காட்டினேன்.

அவர் பையிலிருந்து கத்தி வந்த பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி இங்கிலீஷ் எழுத்து. மாதம் ஒருமுறை தவறாமல் சாணை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல. கத்தி செய்த வடக்கத்தித் தொழிற்சாலைக்காரன் உள்ளதை எழுதியிருக்கிறான். மேல்மூடியில் தமிழில் 'சாணை வேண்டாம்' என்று எழுதியது எங்கள் மேனேஜர். இரண்டு மொழி தெரியும் என்று வேலைக்குச் சேர்ந்த எனக்குப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை! அந்த அம்மா போர்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உண்மையாகவே சந்தேகம் கேட்டார்:

"ஐயா, நான் வாங்கியது ஆங்கிலக் கத்தியா, தமிழ்க் கத்தியா?"

காதர் பாய் தீர்ப்பு

அன்றைக்கே அந்த அம்மாவின் கத்தியையும் அலமேலம்மாவின் கத்தியையும் எடுத்துக்கொண்டு, கோபுர வாசல் பக்கம் சைக்கிள் சக்கரம் வைத்த சாணை இயந்திரத்தோடு நிற்கும் காதர் பாயிடம் ஓடினேன். சரக்கே மோசம் என்று அவர் சொல்லிவிட்டால் மறுநாள் ராஜினாமா எழுதுவதாக முடிவு. பாய் கத்தியைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். முகர்ந்துகூடப் பார்த்தார் என்று ஞாபகம். பிறகு மிதிக்க ஆரம்பித்தார். பொறி பறந்தது. இரண்டே நிமிஷம். தன் முன்னங்கையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்; வரப்பு போட்டதுபோல் முடியை வழித்துக்கொண்டு போயிற்று.

"இரும்பு ஒஸ்தி சார். மாசம் ஒரு வாட்டி காட்டுனா இது பாட்டுக்கு உழைக்கும்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் இயந்திரத்தை என் கடை வாசலில் போடுவதாக ஏற்பாடு. கிளம்பும்போது போர்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கத்தி நல்ல ஷார்ப்பு சார். உங்க நோட்டீசுதான் மொண்ணை."

ஓர் எழுத்து

ஐப்பசி மழையில் போர்டு உரிந்துபோனது. பழையபடி எழுத பெயின்டர் ஏழுமலையை ஏணி ஏற்றினேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் மேலே, நான் கீழே. அதற்குள் நான் திருந்தியிருந்தேன். வருகிறவர்களிடம் எல்லாம், "கத்தி நல்ல கத்தி, ஆனா மாசா மாசம் சாணை வேணும்" என்று உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்டைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. அது மேனேஜருடைய வாசகம். அவர் கையில் என் வேலை.

மறுநாள் காலை கடை திறக்கப் போனால் தெருவில் பத்துப் பேர் அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "வாழ்நாள் முழுவதும் சாணை வேண்டும்!" 'டா' இருக்க வேண்டிய இடத்தில் 'டு' கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஏழுமலையைத் தேடிப் பிடித்தேன். வெளியூரில் வேலை பிடித்து, தூரிகை டப்பாவோடு பஸ்சில் ஏறிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கத்தினேன். அவருக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை:

"காலைலருந்து சாணை வேணும், சாணை வேணும்னு நீங்கதானே சார் சொல்லினு இருந்தீங்க? அதைத்தான் எழுதினேன். தீபம் கழிச்சு வர்றேன்."

மேனேஜர் வந்தார்

ஏழுமலை வரும்வரை நான் கடையை மூடிவிட்டு ஓடியிருப்பேன். ஆனால் சிரித்தவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். "தன் சரக்குக்குச் சாணை வேணும்னு தானே போர்டு வெச்சிருக்கான்யா ஒருத்தன்" என்று பேச்சு பரவி, வேட்டவலத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கத்தி திரும்பி வருவது நின்றது. காதர் பாயிடம் வரிசை நின்றது. அப்படி ஒரு சனிக்கிழமையில், சொல்லாமல் கொள்ளாமல் டாக்சியிலிருந்து மேனேஜர் இறங்கினார். இறங்கியவர் அண்ணாந்தார்.

"என்ன சார் இது? என் 'டா' எங்க?"

"பெயின்டர் தப்பு சார்."

"அப்ப நாளைக்கே திருத்துங்க."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சரசா முகம் கண்ணில் வந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்களும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எழுதினதுதான் சார் தப்பு. எழுத்து சரி. திருத்தினா பொய்யாயிடும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். மேனேஜர் குரலை இறக்கி, "உங்க ஆறு மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு, தெரியுமில்ல?" என்றார்.

அதற்குள் வரிசையிலிருந்து அலமேலம்மா வந்தார், இடுப்பில் புதிதாக வாங்கிய நாலு கத்தியோடு. "நீங்கதான் அந்த 'டா' எழுதினவரா? தாராளமா போட்டுக்குங்க. அதுக்கு முன்ன இந்த நாலையும் வாபஸ் வாங்கிக்குங்க. இது 'டு' பாத்து வாங்கினது." வரிசை முழுக்க, "எங்களதும்!" என்றது. மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ கேட்டார். கூட்டத்தை எண்ணிப் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டுப் புத்தகத்தை எடுத்து இங்கிலீஷில் எழுதி என் பக்கம் திருப்பினார். 'விளம்பர வாசகம் திருவண்ணாமலையில் அமோக வெற்றி. இவர் வேலையை நிரந்தரம் செய்யலாம்.'

"எந்த வாசகம்னு எழுதலியே சார்?" என்றேன், சும்மா இருக்க மாட்டாமல். மேனேஜர் பேனாவை மூடினார்:

"மெட்ராஸ்ல யாரும் கேக்கப் போறதில்ல. நீங்க ஞாபகப்படுத்தாம இருந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது."

அந்த ரிப்போர்ட்டை நம்பி மற்ற ஊர்க் கடைகளில் எல்லாம் 'வேண்டாம்' இரண்டு மடங்கு பெரிசாக ஏறியது. எங்கள் கம்பெனியின் விளம்பரமும் சரக்கும் ஒத்துப்போனது ஒரே ஓர் ஊரில்தான், அதுவும் ஒரு பெயின்டரின் கைத்தவறலால்.