அப்பா வாசித்த பேச்சு

எனக்கு எல்லாச் செய்தியிலும் ஒரு கருத்து உண்டு. நிலாவுக்கு ராக்கெட் விடுவதில் உண்டு, தொகுதி மறுவரையறையில் உண்டு, நிலக்கரியை எப்போது நிறுத்துவது என்பதில் உண்டு. நெய்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ஊசி குத்தும்போதுகூட, சுவரில் ஓடும் டிவியைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவேன். அது போதாமல் முகநூலில் வேறு எழுதுவேன்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு காலத்தில் நிறைய எழுதினேன். எல்லாம் எதிர்ப்புதான். பொய்க் குரல், பொய் வீடியோ, பறிபோகும் வேலைகள், அது விழுங்குகிற மின்சாரம். ‘எங்கள் ஊரில் பூமியைத் தோண்டி எடுக்கிற கரி, எங்கோ ஒருவர் பூனைக்குச் சட்டை போட்டுப் படம் பார்ப்பதற்காக எரிகிறது’ என்று எழுதியதை நிறைய பேர் பகிர்ந்தார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு நடையே மாறியிருந்தது என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

அவர் அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட். அதனால்தான் எங்களுக்கு குவார்ட்டர்ஸ். அப்பா எங்களோடு இருக்கிறார். முத்தாண்டிக்குப்பத்தில் அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா இறந்த பிறகு நான்தான் அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். எங்களுக்கு நிலம் எப்போதும் இருந்ததில்லை. அப்பா சின்ன வயதில் அடுத்தவர் கொல்லையில் முந்திரி பொறுக்கினார். பிறகு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரிப் போடுகிற வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தார்.

அவருக்குக் காது கேட்காது. ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. காது டாக்டர் வயது, பழைய காதுச்சீழ், சத்தம் என்று மூன்றையும் சொன்னார். எதன் பங்கு எவ்வளவு என்று அவராலும் சொல்ல முடியவில்லை. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். அது விசில் அடிக்கிறது என்று கழற்றி டப்பாவில் வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை. மெல்ல மெல்ல நாங்கள் அவரோடு பேசுவது சைகையில் வந்து நின்றது. சாப்பாட்டுக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, ‘வெளியே போகிறோம்’ என்பதற்கு ஒன்று. மற்றதற்கெல்லாம் அவர் சிரித்துத் தலையாட்டுவார். காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார். படித்ததைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதிலுக்குப் பதில் கத்த வேண்டும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்.

என்னோடு வேலை பார்க்கும் பெண்தான் ஒருநாள் தன் போனில் ஒரு செயலியைக் காட்டினாள். நாம் பேசப் பேச அது எழுத்தாக ஓடுகிறது. தமிழிலும் ஓடுகிறது. “எங்கம்மாவுக்குப் போட்டுக் குடுத்திருக்கேன் க்கா. இதுவும் நீங்க திட்டுற அதே சாமான்தான்” என்று சிரித்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, அப்பாவுக்கென்று ஒரு பழைய போனில் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். அவன் விழுப்புரத்தில் வீட்டு மாடிகளில் சோலார் தகடு மாட்டும் வேலை செய்கிறான். வந்தால் அவனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாக்குவாதம் நிச்சயம். போனை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு நாங்கள் பேசினோம்.

“சோலார் வந்துட்டா நெய்வேலி கரி எதுக்கு மாமா?” என்றான் தம்பி.

அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு எங்களைப் பார்த்தார். “இன்னாடா இது, சோழர் வராங்களாமே? கறி வேணாமாம்?”

திரையில், ‘சோழர் வந்துட்டா நெய்வேலி கறி எதுக்கு மாமா’ என்று இருந்தது. வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அவர் ஏன் சிரிக்கிறார் என்று தம்பி சொன்னதையும் போனில் படித்தே அப்பா தெரிந்துகொண்டு, தாமதமாக, தனியாக ஒரு சுற்று சிரித்தார். எங்கள் வீட்டில் நாங்கள் சிரிப்பதற்கான காரணம் தெரிந்து அவர் சிரித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

பலாப்பழக் காலம் வந்தது. தம்பி காடாம்புலியூரிலிருந்து ஒரு பெரிய பழத்தை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். அப்பா கூடத்தில் பேப்பரை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, சுளை எடுக்க உட்கார்ந்தார். எதிரே ஒரு டம்ளரில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். சில வாரங்களில் அது அங்கே இருப்பதே எங்களுக்கு மறந்துபோகிற அளவுக்குப் பழகியிருந்தது.

அன்றைக்குச் செய்தியில் நிலக்கரியை நிறுத்துவது பற்றி ஏதோ ஓடியது. வழக்கம்போல இருவரும் தொடங்கினார்கள்.

“நிறுத்தித்தான் ஆவணும் மாமா. வெயில் எப்படி அடிக்குதுன்னு பாக்குறீங்க இல்ல? இத்தனை வருசம் அப்பா மாதிரி ஆளுங்க உடம்பையும் இதுதான் தின்னுச்சு.”

“நிறுத்திட்டா இந்த ஊர்ல யார் சோறு போடுவா? மாமா மாதிரி கான்ட்ராக்ட் ஆளுங்க எத்தனை பேர் இதை நம்பி இருக்காங்கன்னு தெரியுமா மாப்ள உனக்கு?”

இரண்டு பேரும் அப்பாவுக்காகத்தான் பேசினார்கள். நானும் என் பங்குக்கு அறிவியலைக் கொண்டுவந்தேன். புகை, மழை, கடல் மட்டம் எல்லாம் சொன்னேன். தம்பி சலித்துப்போய், “அப்பாவையே கேளேன் க்கா” என்றான்.

நான் சொன்னேன்: “அப்பாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எது சொன்னாலும் தலையாட்டுவார். ஓட்டுகூட நான் சொல்ற சின்னத்துக்குத்தான் போடுவார்.”

கேலியாகச் சொல்லவில்லை. குழந்தையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதுபோல, பிரியமாகத்தான் சொன்னேன்.

அப்பாவின் கை பலாச்சுளையோடு நின்றது.

“பாப்பா, அத்த கொஞ்சம் மேல தள்ளு. கையெல்லாம் எண்ணெ.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்துபோய், என் விரலாலேயே திரையை நகர்த்தினேன். நான் சொன்னது மூன்று வரியாக நின்றது. சோலாரைச் சோழராக எழுதிய அதே போன், அன்றைக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாக எழுதவில்லை. அவர் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். படித்து முடிக்கும்வரை நான் குனிந்தபடியே நின்றேன்.

“தலையாட்டுறது நெசந்தான்” என்றார். காது கேட்காதவர்களின் உரத்த குரல் அவருக்கு. “கேக்கலன்னா வேற இன்னாத்த ஆட்டுறது? ஆனா ஓட்டு நீ சொன்னதுக்கு ஒரு தபாகூடப் போட்டதில்ல.”

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். “பின்ன யாருக்குப்பா போட்டீங்க?”

அப்பா அதையும் படித்தார். “இத்த நீ கேக்குறியா, மெஷினு கேக்குதா?” என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அப்பா பேசியது அவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது.

“கரிய மூடுறாங்களோ, தொறந்துகினு இருக்காங்களோ, அது படிச்சவங்க சொல்லட்டும். வெயிலு ஏறிக்கினுதான் போவுது, எனக்கும் தெரியுது. மூடுறதுன்னா மூடட்டும். ஆனா மொதல்ல எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட சொல்லட்டும். பர்மனென்ட்டுக்கு லெட்டரு வரும். எங்களுக்கு மெயின் கேட்டுல போயி நின்னாத்தான் தெரியும். ஒரு தபா கான்ட்ராக்ட்டு மாறிப்போச்சு. எனக்குத் தெரியல. சோத்துத் தூக்கோட போயி நிக்கிறேன், உன் பேரு இல்லன்னுட்டான். இவங்கம்மாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகினு இருந்தேன். சோத்த அங்கியே துன்னுட்டு, வேலைக்குப் போயி வந்த மாதிரி வூட்டுக்கு வந்தேன். நாலு நாளு அப்பிடிப் போனேன்.”

நாங்கள் இரண்டு பேரும் அவர் பிள்ளைகள். அந்த நாலு நாள் எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்காவது தெரிந்ததா என்பதும் தெரியாது.

வீட்டுக்காரர் டிவியை நிறுத்தினார். “மாமா, எனக்கு இது தெரியாது” என்றார் மெதுவாக. அவ்வளவு மெதுவாகச் சொன்னதை போன் பிடிக்கவில்லை. அவர் கிட்டே போய் இன்னொரு முறை சொன்னார்.

“உனக்கு எப்பிடிப்பா தெரியும்? நான் சொன்னாத்தான” என்றார் அப்பா. ஒரு சுளையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

சாயங்காலம் தம்பி கிளம்பிய பிறகு நான் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, “தப்பாப் பேசிட்டேன்ப்பா, மன்னிச்சிருங்க” என்றேன். எழுத்தில் அதைப் பார்க்க எனக்கே யாரோ எழுதியதுபோல இருந்தது. அவர் படித்துவிட்டு, “உடு. நானும் ஒன்னும் பேசறதில்ல, நீங்களும் இன்னா பண்ணுவீங்க” என்றார். பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நாம பேசுறத எனக்குச் சொல்லுது, சரி. வேற யாருக்குனா சொல்லிக்கினு இருக்குதா?”

நான் முகநூலில் இவ்வளவு எழுதியும், அவர் கேட்ட அளவுக்கு அந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்டதில்லை. “சொல்லாதுன்னு அந்தக் கம்பெனி சொல்லுது. எனக்கு உறுதியாத் தெரியாது” என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒரு விதி போட்டார். செய்திக்கும் சிரிப்புக்கும் போன் ஓடலாம். குடும்பச் சண்டை வந்தால் அணைத்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாக்குவாதத்தில் அப்பாவும் ஒரு ஆளாகிவிட்டார். அப்பாவின் கருத்துகளை முன்கூட்டி ஊகிக்க முடியவில்லை. ராக்கெட் விட்ட செய்தி வந்த அன்று நான், “இந்தச் செலவில் எத்தனை ஊருக்குத் தண்ணீர் கொடுக்கலாம்” என்று ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். “போவட்டும் பாப்பா. ஏழைன்னா வானத்தப் பாக்கக்கூடாதா? தண்ணி குடுக்காததுக்கு ராக்கெட்டா காரணம்? மனசு இல்லாததுதான் காரணம்.” தொகுதி மறுவரையறை விஷயத்தில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்துகொண்டு என்னை எதிர்த்தார். அந்த மாதம் ஒருநாள் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், “மாமா, இன்னிக்கு பேப்பர்ல பாத்தீங்களா?” என்று நேராக அவரிடம் போனார். கல்யாணமாகிப் பல வருடம். என் அப்பாவிடம் அவர் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

என்னுடைய பழைய முகநூல் பதிவை நான் அழிக்கவில்லை. மின்சாரம் பற்றி நான் எழுதியதில் பொய் இல்லை. அதற்குக் கீழே அப்பாவின் கதையை மட்டும் எழுதினேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்பதையும் எழுதினேன். அதை யாரும் பெரிதாகப் பகிரவில்லை.

மழைக்கு முன்னால் ஒருநாள், முத்தாண்டிக்குப்பத்துக்குப் போய் வரலாம் என்றார் அப்பா. அவரோடு பெல்ட்டில் மண் வாரிய நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவருக்கும் காது மந்தம். ‘அவனுக்கும் இந்த மெஷினக் காட்டணும்’ என்பது அப்பாவின் ஆசை. போனை நன்றாகச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

நண்பர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் போனை இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்தேன். அவர் ஏதோ சொன்னார். பல் இல்லாத வாய், அதிலும் பாதிச் சொல்தான் குரலாக வந்தது. போன் தடுமாறி ‘பாலம் கிழக்கு மாடு’ என்று எழுதியது. அப்பா அதைப் பார்க்கவேயில்லை. நண்பரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தட்டையாக வைத்து முன்னும் பின்னும் ஓட்டினார். நண்பர் இரண்டு விரலை மடக்கி, தலையை ஒருபக்கம் சாய்த்தார். இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நண்பரின் மருமகள் டீயோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். “வேல செய்யறப்ப அந்தச் சத்தத்துல பேச முடியாதுல்லங்க, இப்பிடித்தான் பேசிப்பாங்களாம். வூட்ல எங்ககிட்ட பேசவே மாட்டாரு. உங்கப்பா வந்தா உடமாட்டாரு” என்றாள்.

அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நடுநடுவே அப்பா பேப்பரை விரித்து ஒரு செய்தியைக் காட்டுவார். நண்பர் மூக்கைச் சுளித்துக் கையை உதறுவார். எந்தக் கட்சியைத் திட்டினார்கள், எதைப் பாராட்டினார்கள் என்று கண்டுபிடிக்க முயன்று விட்டுவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் மருமகள் தன் போனை என்னிடம் நீட்டினாள். “இதுலயும் அத்தப் போட்டுக் குடுங்களேன். அவர் பேசுறது அதுக்குப் புரியலன்னா பரவால்ல. நாங்க பேசுறது அவருக்குத் தெரியட்டும்.” நான் செயலியை ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவள் அதை மாமனாரின் முன்னால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, “மாமா, சாப்பிடுறீங்களா?” என்றாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்து, “இன்னா கொழம்பு?” என்று கேட்டார்.