மோட்டார் ஓடினால் உளறும் மீட்டர்

மரக்காணத்தில் ஓர் உப்பளப் பாத்தியின் நீர்மட்டத்தைக் காட்ட, நானே செய்த மீட்டரை மாட்டியிருந்தேன். பம்ப் மோட்டார் ஓடினாலே எண்கள் தாறுமாறாகக் குதித்தன.

“இன்னிக்கும் இப்படின்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க மேடம்” என்றார் உப்பளக்காரர்.

உப்புநீர் படாமலிருக்க, மீட்டர் ஒயர்களை மோட்டார் ஒயரோடு சேர்த்து ஒரே கம்பத்தில் கட்டியது நான்தான்.

மோட்டார் மெக்கானிக் ஸ்டெல்லா அதைப் பார்த்துச் சிரித்தார். “இப்படி ஜோடி சேத்து வெச்சா, மோட்டார் ஒயரு இதைச் சும்மா வுடுமா மேடம்?”

மீட்டரின் இரண்டு ஒயர்களையும் மோட்டார் ஒயரிலிருந்து பிரித்து, கயிறு திரிப்பதுபோல ஒன்றோடொன்று முறுக்கி, வேறு கம்பத்துக்கு மாற்றினார். எனக்கு நம்பிக்கையில்லை.

மோட்டாரைப் போட்டார். எண் அசையவில்லை.

“சரி, இருக்கட்டும்” என்றார் உப்பளக்காரர்.

முறுக்கிய ஒயர், பக்கத்து ஒயரிலிருந்து வரும் மின் இரைச்சலைக் குறைக்கும் என்று கல்லூரியில் வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். இதைப் படிக்கும் பழைய மாணவர்கள் கீழே கமெண்டில் வந்து சிரித்துவிட்டுப் போகலாம்.