ஒரு சுண்டு போதும்

ஜெயந்தினிக்குப் பயமில்லாத பொருள் இந்த உலகத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். அட்டையைக் கண்டால் அலறுவாள். மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடையில் புடைக்கிற வேலை அவளுக்கு. கடை நாய் சோம்பல் முறித்து எழுந்தாலே சுளகை முன்னால் பிடித்துக்கொள்வாள்.

இப்பேர்ப்பட்ட தைரியசாலியிடம்தான் சபையார் பிடியரிசியை ஒப்படைத்திருந்தார்கள். சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்போது கொண்டுவந்து பெரிய வாளியில் கொட்டுவார்கள். அதை இல்லாதவர்கள் வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வருவது ஜெயந்தினியின் பொறுப்பு.

லக்கலப் பக்கத்துப் பொடிமெனிக்கேயை அவளாகத்தான் கண்டுபிடித்தாள். ஜெயந்தினி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்த சிங்களத்தி. காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் விழுந்து இடுப்பு முறிந்தவள், ஊன்றுகோலில்தான் நடமாட்டம், பிள்ளை குட்டி இல்லை. தங்கச்சி என்கிற மாதிரி ‘நங்கி’ என்று ஜெயந்தினியைக் கூப்பிட்டாள். “வாரா வாரம் வந்து பார்க்கிறேன் அக்கே” என்று ஜெயந்தினி வாய் நிறையச் சொல்லிவிட்டாள். இரண்டு தரம் போனாள். பஸ் இறங்கிக் காட்டோரமாக நடந்த நடையில் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அதனால் சபை வேன் அந்தப் பக்கம் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்திருந்த அரிசி முழுவதையும் மூட்டையாகக் கட்டி ஏற்றினாள். பொடிமெனிக்கே மூட்டையைப் பார்த்துத் திகைத்துப்போய், ஒரு வேளைக்கு அரிசி அளக்கும் சின்னத் தகரப் பேணியைக் காட்டினாள்.

“நங்கி, ஒரு சுண்டு போதும். மிச்சத்தைக் கொண்டு போயிரு.”

“வெட்கப்படாதீங்க அக்கே. இது சாமிக்குன்னு எடுத்து வச்சது. வேற யாருக்கும் கொடுத்துராதீங்க.”

மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள், ஜெபம் பண்ணினார்கள், போட்டோ எடுத்தார்கள். இனி ரெண்டு மாசத்துக்கு இந்தக் காட்டு வழி வரத் தேவையில்லை என்ற சந்தோஷம் ஜெயந்தினிக்கு. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் லக்கலயிலிருந்து மிளகு கொண்டுவந்தார் வியாபாரி நளீம் நானா. மூட்டையை இறக்கிக்கொண்டே சொன்னார்: “அல்லாதான் காப்பாத்தணும். தனியன் யானை ஒண்ணு எறங்கியிருக்கு தங்கச்சி. நேத்து பொழுது சாயுற மகரிபு நேரம் ஒரு வீட்டுச் செவத்தையே தள்ளிப்போட்டுச்சாம்.”

“எதுக்கு நானா?”

“எதுக்கா? அரிசிக்குத்தான். வாடை பிடிச்சே வந்துரும். அந்த ஊராளுங்க வீட்டுல அரிசி சேத்து வைக்கவே மாட்டாங்களே.”

ஜெயந்தினியின் கையிலிருந்த சுளகு சரிந்து மிளகு தரையெல்லாம் ஓடியது. ஒரு சுண்டு போதும் என்றாளே! பாவி, வெட்கத்தில் சொன்னாள் என்றல்லவா நினைத்தேன்! நடக்க முடியாதவளின் கட்டிலுக்கடியில் யானைக்கு விருந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேனே!

போன் இல்லாத வீடு. நாவுலைக்குப் பஸ் ஏறி, அங்கே லக்கல பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. திரீவீல்காரன் பாதி வழியில் நிறுத்திவிட்டான். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் வரமாட்டானாம். மிச்ச வழியை அழுதுகொண்டே நடந்தாள். இலை அசைந்தால் நின்றாள். பாதையில் கிடந்த யானை லத்தியில் இன்னும் ஆவி பறந்தது. கால் திரும்பிப் போகச் சொன்னது. திரும்பினால் அக்கா செத்துப்போவாள் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிச் சொல்லி நடந்தாள்.

பொடிமெனிக்கே வாசற்படியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். மூட்டை கட்டிலுக்கடியில் அப்படியே இருந்தது.

“அக்கம்பக்கத்துக்குக் கொடுத்திருக்கலாமே அக்கே!”

“நீதானே யாருக்கும் கொடுக்காதேன்னு சொன்னே? உன் சாமிக்கு வச்சதாச்சே.”

ஜெயந்தினி மூட்டையைத் தரதரவென்று வெளியே இழுத்து, சத்தம் போட்டு அயலாரைக் கூப்பிட்டாள். வந்தவர்களின் சட்டியிலும் சேலைத் தலைப்பிலும் அன்றைக்கு உலையில் போடுகிற அளவு அள்ளி அள்ளிப் போட்டாள். தூரத்தில் ஒரு மரம் மளார் என்று முறிந்தது. சனம் சிட்டாய்ப் பறந்தது. அவள் அரிசி வாடை போக வெறும் சாக்கைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு, ஓட முடியாத அக்காவைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

இருட்டும் நேரத்தில் அது வந்தது. முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு ஜன்னல் வழியே தும்பிக்கை நீண்டு வந்து, கட்டிலுக்கடியில் மூட்டை இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. ஜெயந்தினிக்கு ஜெபம் வரவில்லை. ஏசுவே, ஏசுவே என்று உதடு மட்டும் அடித்துக்கொண்டது. சுவர் ஒருமுறை குலுங்கி மண் உதிர்ந்தது. அப்புறம் அது போய்விட்டது.

வெகு நேரம் கழித்துப் பொடிமெனிக்கே மெல்லக் கேட்டாள்: “நங்கி, எல்லாத்தையும் கொடுத்துட்டியா? பசிக்குதே!”

இரண்டு பேரும் அழுகையும் சிரிப்புமாக, ஆளுக்கொரு துண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள்.

சபையில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டக் கேட்டார்கள். ஜெயந்தினி வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது வாரா வாரம் லக்கல பஸ்ஸில் அவளைப் பார்க்கலாம். பயம் கொஞ்சமும் குறையவில்லை. இறங்கும் இடம் நெருங்க நெருங்க உள்ளங்கை வியர்த்துவிடும். மடியில் இருக்கும் பையில் ஒரே ஒரு சுண்டு அரிசி இருக்கும்.