காய்ச்சலில் போனவர்கள்

ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க அத்தான் நெற்றியைத் தொடமாட்டார். காதுக்குக் கீழே, கழுத்தின் ஓரத்தில் இரண்டு விரல்களின் புறப்பக்கத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிறந்தநாள் விழாக்களில் ஓடித் திரிகிற பிள்ளைகளை அப்படித்தான் பிடித்து நிறுத்துவார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தால் போதும், அந்தப் பிள்ளை அவரிடமிருந்து தப்ப முடியாது. "விடுங்கோவனப்பா, அதுகள் விளையாடட்டும்" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அவர் கேட்கமாட்டார். இங்கே ஒக்லாந்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை; தாங்களாகவே கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்த விரல்கள் எங்கே பழகியவை என்று பெரியவர்களாகிய எங்களுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். இளம் வயதில் வன்னியில், இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் இருந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்த வைத்தியர் அல்லர். காட்டுக்குள், ஓலைக் கொட்டில்களில், காயப்பட்டவர்களுக்கு நடுவிலேயே படித்தவர். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் விலகி, அக்காவைக் கட்டி, எப்படியோ இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிர்கிற ஒரு பழைய மரவீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். இங்கே அவருக்குக் கிடைத்த வேலை விரி என்ற புறநகரில், ஒரு மருந்துக் களஞ்சியத்தில். ஆஸ்பத்திரிகளுக்கும் பார்மசிகளுக்கும் போகிற மருந்துப் பெட்டிகளை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றி இறக்குவது. காலாவதியானவற்றைப் பலட் என்கிற மரத்தட்டுகளில் அடுக்கி அழிப்பதற்கு அனுப்புவதும் அவருடைய பொறுப்புத்தான். சில நாட்களில் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "இண்டைக்கும் ஒரு பலட் எறிஞ்சாச்சு" என்பார். யாரிடமும் சொல்வதுபோல இருக்காது.

எங்கள் ஆட்கள் கூடுகிற இடங்களில் யுத்தத்தைப் பற்றிய பேச்சு எப்படியும் எண்ணிக்கையில் போய்த்தான் நிற்கும். எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் நின்றார்கள், அவர்கள் பக்கத்தில் எத்தனை படையணிகள், எந்தச் சண்டையில் எத்தனை பேர் போனார்கள் என்று தேநீர்க் கோப்பையும் கையுமாக ஆண்கள் வாதாடுவார்கள். ஒருவர் சொன்ன தொகையை மற்றவர் ஏற்கமாட்டார். ஒரு முறைகூட அத்தானிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். கதிரைகளை மடித்து அடுக்குகிற வேலையைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். இறந்தவர்கள் எல்லோரும் சண்டையில்தான் இறந்தார்கள் என்று அந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த நானும் நம்பியிருந்தேன். வேறு விதமாக இறந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதை மாற்றியவள் அக்காவின் மகள். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தான் படித்த ஒன்றைப் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் நடந்த உள்நாட்டுப் போரில் குண்டுபட்டு இறந்த சிப்பாய்களைவிட நோயால் இறந்தவர்கள்தான் அதிகமாம். வயிற்றோட்டம், தைபோயிட், நிமோனியா, மலேரியா. "ஜஸ்ட் டயரியா, மாமா! பிலீவ் பண்ணவே ஏலாது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எங்களிட்டையும் காய்ச்சலில போனவை இருக்கினம்" என்றார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அந்தக் காலத்தைப் பற்றித் தானாகச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அது தெரியாது என்றார். பிறகு, யாரும் தூண்டாமல், சொல்லிக்கொண்டே போனார். மழைக்காலம் முடிந்த கையோடு மலேரியா வந்துவிடும். காட்டுக்குள் நுளம்பு வலைக்குக்கூடத் தட்டுப்பாடு. பாம்பு கடித்துக் கொண்டுவருவார்கள். கிணறு வெட்டும்போது மண் சரிந்து ஒரு பிள்ளை போனது. சின்னக் காயம் சீழ்பிடித்து இரத்தத்தில் கலந்து போனவர்கள் இருந்தார்கள். மருந்து வன்னிக்குள் வருவதே கடினமாக இருந்த நாட்கள் அவை. குயினைன் வந்து சேர்ந்தால் அன்றைக்குக் கொட்டிலில் எல்லோர் முகமும் வேறாக இருக்கும். வராத கிழமைகளில் நனைத்த துணியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினார். தட்டில் சோறு அப்படியே கிடந்தது.

அக்கா அதைக் கோயிலில் தன் சிநேகிதி ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தகனினி என்ற புறநகரில், எங்கள் தெருவில் குடியிருப்பவர். நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர். அன்ரிக்கும் அங்கிளுக்கும் ஒரே மகன். பள்ளிக்கூடத்திலிருந்தே இயக்கத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை. சண்டையில் வீரச்சாவு என்று செய்தி வந்தது, உடம்பு வரவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மாவீரர் நாளுக்கு மண்டபத்தில் வைக்கிற படங்களின் வரிசையில் அவனுடைய படத்துக்கு அங்கிள்தான் மாலை போடுவார். அத்தான் எந்த இடத்து மருத்துவமனையில் இருந்தார், எந்த வருடத்தில் என்று அன்ரி அக்காவிடம் கேட்டாராம். பதிலைக் கேட்டதும் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். அந்தப் பக்கத்தில்தான் மகன் கடைசியாக நின்றவன். அவனைக் கண்டிருப்பாரோ என்று கேட்க வேண்டும், கூட்டிக்கொண்டு போ தம்பி என்று என்னிடம் வந்தார். அங்கிளும் வெளிக்கிட்டார். மகன் நின்ற சண்டையைப் பற்றி ஒருவர் வாயால் கேட்கப் போகிறோம் என்ற நினைப்பில் இஸ்திரி போட்ட சேட்டு அணிந்திருந்தார். மோட்டார்வே முழுக்க மகனைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.

அத்தான் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். இயக்கத்தில் வைத்த பெயரைக் கேட்டார். முன்பல் ஒன்று உடைந்திருந்ததா என்று கேட்டார். "ஓம், ஓம், சைக்கிளால விழுந்து உடைச்சவன்" என்றார் அன்ரி. அத்தான் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அன்ரிக்கு எதிரே கதிரையில் உட்காராமல், தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, அவரை எனக்குத் தெரியும். கடைசியில நான்தான் பக்கத்தில இருந்தனான். அவருக்குக் காயமொண்டும் இல்லை. மலேரியா. மூளைக்கு ஏறீட்டுது."

அன்ரி விளங்காதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள்தான் சொன்னார்: "இல்லைத் தம்பி. நீர் வேற ஆரையோ சொல்லுறீர். எங்களுக்கு வந்து சொன்னவை சண்டையில எண்டுதான் சொன்னவை."

"செய்தி கொண்டுபோற பிள்ளையள் சில நேரம் அப்பிடித்தான் சொல்லுறவை ஐயா. பெத்தவைக்கு ஆறுதலா இருக்குமெண்டு."

"என்ர பிள்ளை காய்ச்சலில சாகிறதுக்கே வீட்டை விட்டுப் போனவன்?"

அத்தான் அன்ரியின் பக்கம் திரும்பி, காய்ச்சலில் அவன் பிதற்றியதைச் சொன்னார். திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தானாம்: ஆட்டைக் கட்டியாயிற்றா, ஆடு பக்கத்து வளவுக்குள் போய்விடும், ஆட்டைக் கட்டியாயிற்றா என்று. அன்ரியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. அவர்களுடைய வீட்டில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற ஒரு ஆடு இருந்திருக்கிறது. அதைக் கட்டுவது மகனின் வேலை. அங்கிளுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் எழுந்தார் என்று இப்போது நினைக்கிறேன். வெளியே போய்க் காருக்குள் இருந்துகொண்டார்.

அன்ரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மருந்து இருந்திருந்தா என்ர பிள்ளை பிழைச்சிருக்குமோ தம்பி?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அவள் கண்கள் கெஞ்சின. நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

"ஓமம்மா. பிழைச்சிருப்பார்."

சண்டையில் போனான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் இத்தனை வருடமும் எழுந்து நடமாடினார்கள். இனிமேல் அந்தக் காரணம் கிடைக்காமல் போன ஒரு சில மாத்திரைகள்தான். இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டவுடன் கொடுக்கிற மாத்திரைகள். அன்ரி எழுந்தார். அத்தான் பிடிக்கப் போனார்; அன்ரி கையை விலக்கிக்கொண்டார்.

பொய் சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் அத்தானிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "சொல்லியிருக்கலாம். ஆனா எந்தச் சண்டை, எங்க விழுந்தவன், ஆர் தூக்கினது எண்டு கேப்பினம். எல்லாத்துக்கும் நான் ஒவ்வொண்டாச் செய்து குடுக்கவேணும். பிறகு நான் செய்து குடுத்ததை வைச்சுக்கொண்டெல்லோ அதுகள் அழவேணும்" என்றார். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நவம்பரில் மண்டபத்தில் அங்கிள் வழக்கம்போல் மகனின் படத்துக்கு மாலை போட்டார். அத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். யார் எதைச் சொன்னார்களோ, அதற்குப் பிறகு சிலர் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்ரி அக்காவைக் கோயிலில் கண்டால் தூரத்திலிருந்து தலையசைப்பதோடு சரி.

அத்தானுக்கு நீரிழிவு இருந்தது. சென்ற குளிர்காலத்தில், வேலைச் சப்பாத்து உரசிக் காலில் ஒரு புண் வந்தது. எத்தனையோ புண்களைக் கழுவிக் கட்டிய மனிதர் தன்னுடையதைப் பொருட்படுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. முதல் சில நாட்கள் நினைவோடுதான் இருந்தார். தாதி சேலைனில் ஏற்றுகிற ஒவ்வொரு மருந்தின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். "இதெல்லாம் நாங்கள் பேர் மட்டும் கேட்ட மருந்துகள்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று, அதுவும் இல்லாவிட்டால் அதைவிடப் பலமானது. எதற்கும் குறைவில்லை. எதற்கும் கிருமி அடங்கவில்லை. பிறகு மூச்சுக்குக் குழாய் போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தாதிகள் பைகளை மாற்றுவதைப் பார்த்தபடி இருந்தாள்.

குழாய் போட்ட பிறகுதான் அன்ரி வந்தார். ரயில் ஏறி, தனியாக. அத்தானிடம் ஏதோ கேட்க வேண்டும் என்றார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று மாலை அத்தான் போனார்.

ஓர் இளம் டொக்டர் எங்களை ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். எங்கே தொடங்கியது, எந்த உறுப்பு முதலில் தளர்ந்தது, எந்த மருந்தை எதற்காகக் கொடுத்தார்கள், கடைசியில் எதனால் இதயம் நின்றது என்று அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். வலி தெரிந்திருக்காது என்றார். கேட்க ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். அன்ரிக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டார். எனக்கு விளங்கிய மட்டும் சொன்னேன்.

"எவ்வளவு ஆறுதலா இருத்தி வைச்சுச் சொல்லுறான்" என்றார். பிறகு, "எங்களுக்கும் ஒருத்தர் நிலத்தில இருந்து சொன்னவர். நாங்கள் கேக்காமல் எழும்பிப் போட்டம்" என்றார்.

இறுதிச் சடங்குக்கு அங்கிள் வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். "எத்தினை பிள்ளையளைக் காப்பாத்தின மனுசன். ஒரு கால் புண்ணில போகவேண்டிக் கிடக்கே" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். சொன்ன வாய் அப்படியே நின்றது. பெட்டியைத் தூக்க ஆட்கள் முன்னால் போனார்கள். பிறகு என் கையைப் பிடித்து, "அண்டைக்கு நான் வெளியில போனாப் பிறகு அவர் வேற ஏதும் சொன்னவரோ? பெடியன் கடைசியில வேற என்ன கதைச்சவன்?" என்று கேட்டார். அன்ரியிடம் கேட்டிருக்கிறார், அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அக்காவிடமும் அத்தான் அதற்கு மேல் எதையும் சொன்னதில்லை. தெரிந்த ஒரே ஒருவரைத்தான் அப்போது வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தால் அங்கிள் மெல்ல நடந்து வந்து வேலிப் பக்கம் நிற்பார். இயந்திரத்தை நிறுத்துவேன். மழையைப் பற்றியும் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். எதற்காக வந்தார் என்பது இருவருக்கும் தெரியும். அத்தான் சொன்னதில் ஏதாவது புதிதாக நினைவு வந்ததா என்று கடைசியில் கேட்பார். இல்லை அங்கிள் என்பேன். "பரவாயில்லைத் தம்பி. வந்தாச் சொல்லுங்கோ" என்றுவிட்டுத் திரும்பி நடப்பார்.