வலப்பக்கத்துக் கால்

பெருமாளைப் பற்றிப் பெரிதாகப் பேச எனக்குத் தெரியாது. எட்டாவதோடு படிப்பை விட்டு, குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவன். அவரைத் தோளில் தூக்க மட்டும் தெரியும். இரும்புலியூரில் எங்கள் தெருக் கோயிலில் இருபத்திரண்டு வருஷம் பல்லக்கு சுமந்தேன்.

ஆரம்பத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சனிக்கிழமை தோறும் பழகினோம். தண்டுகளின் மேல் ஒரு பெஞ்சைக் கட்டி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய குடத்தை வைத்து, சிந்தாமல் பிராகாரம் சுற்றுவோம். நேராகப் போவது சுலபம். திருப்பத்தில்தான் வேலை. சுவாமி வலம் வருகிறபோது ஒவ்வொரு மூலையிலும் வலப்பக்கமாகத்தான் திரும்புவார். அப்போது வலத் தண்டுக்காரர்கள் நின்ற இடத்திலேயே மிதிப்பதுபோல் சின்ன அடி வைக்க வேண்டும். இடத் தண்டுக்காரர்கள் எட்டிப் போட்டு வளைந்து வர வேண்டும். முதல் நாள் வலப்பக்கம், கடைசி ஆளாக நின்றேன். அப்புறம் யாரும் என்னை இடம் மாற்றவில்லை.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் மேடவாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போனோம். அங்கே எட்டு வருஷம் ஓடிவிட்டது. இந்த வருஷம்தான் சொந்த வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு அறுபத்தாறு வயது.

பங்குனி உத்திரத்தன்று புறப்பாட்டு நேரத்தில் ஓர் ஆள் குறைந்தார். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். கோயில் கமிட்டிக்காரர் என்னிடம் வந்து, இடப்பக்கம் கடைசி இடம் காலி, வருகிறீர்களா என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு என் முழங்காலை நினைத்துப் பயம்.

"கால் தடுமாறுச்சுன்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் தூக்குறேன்னு கேக்கவே கூடாது" என்றாள்.

பெருமாள் மேல் சத்தியமாகச் சரி என்றேன்.

தண்டு தோளில் ஏறியதும் மூச்சு தானாக ஒழுங்குக்கு வந்தது. தெரு நீளத்துக்கும் எந்தக் குறையும் இல்லை. எட்டு வருஷம் இடையில் போனதாகவே தெரியவில்லை. முதல் மூலை வந்தது. எல்லோரும் வளைய, என் கால் மட்டும் நின்ற இடத்திலேயே மிதித்தது. பல்லக்கு ஒரு பக்கம் இழுத்து, சுவாமியின் மாலை ஆடியது. முன்னால் போன இளைஞர், "இன்னாண்ணா, பிரேக் போட்டுட்டீங்களா?" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த வீட்டு வாசலில் அர்ச்சனைக்காகப் பல்லக்கை ஸ்டாண்டில் இறக்கினோம். சத்தியம் சத்தியம்தான். தண்டு உறுத்தாமலிருக்கத் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டை, இனித் தூக்குவதில்லை என்று எடுத்துவிட்டேன். அர்ச்சனைத் தட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்த மனைவி கிட்டே வந்தாள்.

"துண்டை எதுக்கு எடுத்தீங்க? கால் ஒண்ணும் தடுமாறல. நீங்க வலப்பக்கத்து ஆளு. அந்தப் பக்கத்து அடியை இங்க வெச்சீங்க. வலப்பக்கம் கடைசியில நிக்கிறவரை இங்க வரச் சொல்லிட்டு நீங்க அங்க போங்க."

இருபத்திரண்டு வருஷமும் பல்லக்குக்குப் பின்னாலேயே நடந்தவள். என் காலை நான் பார்த்ததைவிட அவள்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். பிரேக் என்று கேலி செய்த இளைஞரே அங்கிருந்தவரை இடப்பக்கம் நகர்த்தி, எனக்கு வலப்பக்கம் கடைசியில் இடம் விட்டார்.

அடுத்த மூலையில் நான் எதையும் யோசிக்கவில்லை. கோவிந்தா என்று மட்டும் சொன்னேன். கால் சின்னதாக மிதித்தது, பல்லக்கு வழுக்கிக்கொண்டு போனதுபோல் திரும்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை.

எந்தப் பக்கம் ஆள் குறைந்தாலும் நிற்கலாமே என்று இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் மொட்டை மாடியில் இடப்பக்கத்து நடையைப் பழகுகிறேன். மூலைக்கு மூலை எட்டிப் போட வேண்டும். துணி காயவைக்க வருகிற மனைவி நின்று பார்ப்பாள். "இன்னும் எட்டிப் போடுங்க, சாமி காத்துக்கினு இருக்கார்" என்பாள்.