தேரைக் கண்டதும் பிரேக்கை விட்டார்

எங்கள் கோயில் தேர் வீதிக்கு வந்ததால் நாங்கள் இருக்கும் குரோருட் பகுதியின் ஏற்றத்தில் வாகனங்கள் எல்லாம் நின்றன. என் கணவர் எங்கள் ஓட்டோமற்றிக் காரை நியூட்ரலுக்கு மாற்றினார். அப்படியே நிற்கும் என்ற நினைப்பு. தேரைக் கண்டதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். கார் பின்னால் உருண்டது. எங்களுக்கும் பின்னால் நின்ற காருக்கும் நடுவே ஒரு தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் கத்திக்கொண்டே கைப் பிரேக்கை இழுத்தேன். குழந்தைக்கு ஒரு முழம் தள்ளிக் கார் நின்றது.

"முருகன்தான் காப்பாத்தினவர்," என்றார் இவர்.

"முருகன்ரை பேரைச் சொல்லித் தப்பாதையுங்கோ. உங்கடை கால் எங்கை போனது?"

இறங்கி அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டதும் நான்தான். முருகன் காத்தது உண்மை. ஆனால் இவர் தன் கவலையீனத்தை முருகன் தலையில் போட்டதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

இப்போது கோயிலுக்கு நான்தான் கார் ஓட்டுகிறேன். கும்பிடுவதெல்லாம் காரை விட்டு இறங்கிய பிறகுதான்.